வீட்டுல நீச்சல் குளம் கட்டலாமா? 10 லட்சத்தோட முடியாத கணக்கு



சொந்த வீடு கட்டுறவங்க கிட்ட எஞ்சினியர் சில சமயம் ஒரு கேள்வி கேட்பார். "சார், பின்னாடி இடம் சும்மாதானே இருக்கு. எப்படியும் 85 லட்சம் போடுறீங்க, இன்னொரு 10 லட்சம் போட்டா சின்னதா ஒரு ஸ்விம்மிங் பூல் கட்டிடலாம். லோன்லயே சேர்த்துக்கலாமே?"

கேட்க ரொம்ப நியாயமா இருக்கும். 85 லட்சத்துக்குப் பக்கத்துல 10 லட்சம் சின்னதாத்தான் தெரியும். டைல்ஸ், மாடுலர் கிச்சன் மாதிரி இதுவும் ஒரு ஐட்டம்னு தோணும். ஆனா டைல்ஸ் பதிச்ச பிறகு மாசாமாசம் உங்க கிட்ட காசு கேட்காது. பூல் கேட்கும். நீங்க நீந்தினாலும் கேட்கும், நீந்தலைன்னாலும் கேட்கும்.

இன்னைக்கு அந்த முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்துடலாம். வீடியோவுல எண்கள் வேகமா ஓடிடும். இங்க நிதானமா, பேப்பர் பேனா வெச்சுக்கிட்டுப் படிங்க.

முதல்ல, யாருக்கான கணக்கு இது?

கோயம்புத்தூர் புறநகர்ல வீடு கட்டுற ஒரு ஐடி தம்பதியை எடுத்துக்குவோம். ரெண்டு பேரும் சேர்ந்து கையில வாங்குறது மாசம் 1,60,000 ரூபாய். வீட்டுக்கு 60 லட்சம் லோன், வட்டி 8.5%, 20 வருஷம். இஎம்ஐ ஏறத்தாழ 52,000. வீட்டுச் செலவு 55,000. ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு 15,000. இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு மாசக் கணக்குல 8,000. இதெல்லாம் போக மிச்சம் 30,000.

இந்த 30,000-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க. மொத்தக் கட்டுரையும் இதைச் சுத்தித்தான்.

இதுல வர்ற செலவு எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்க கொட்டேஷன் 8 லட்சமா இருக்கலாம், 14 லட்சமாவும் இருக்கலாம். உங்க எண்ணைப் போட்டு இதே மாதிரி கணக்குப் பண்ணுங்க.

லோன்ல சேர்த்தா 10 லட்சம் எவ்வளவு ஆகும்?

10 லட்சத்துக்கு 8.5% வட்டியில 20 வருஷத்துக்கு இஎம்ஐ 8,678 ரூபாய். 240 மாசம் கட்டினா மொத்தம் சுமார் 20.83 லட்சம். அதாவது பூலுக்கு 10 லட்சம், பேங்குக்கு இன்னொரு 10.83 லட்சம்.

"பரவாயில்ல சார், ஹோம் லோன் வட்டிக்கு டேக்ஸ் சலுகை இருக்கே?" ஒரு சிஏவா இதுக்கு நேரடியா பதில் சொல்றேன்: இவங்க விஷயத்துல முதல் சில வருஷங்களுக்கு பூலுக்கான வட்டிக்கு ஒரு ரூபாய் கூட சலுகை வராது.

நீங்களே குடியிருக்கிற வீட்டுக்குப் பழைய ரெஜிம்ல ஒருத்தருக்கு வருஷத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம் வரைக்கும்தான் வட்டியைக் கழிக்க முடியும். கணவன் மனைவி ரெண்டு பேரும் கோ-ஓனரா, கோ-பாரோயரா இருந்தா ஆளுக்கு 2 லட்சம், ஆக மொத்தம் 4 லட்சம். 60 லட்சம் லோனுக்கு முதல் வருஷ வட்டியே 5 லட்சத்தைத் தாண்டிடும். வரம்பு ஏற்கெனவே முடிஞ்சு போச்சு. புது ரெஜிம்ல இருந்தா, குடியிருக்கிற வீட்டுக்கு இந்தச் சலுகையே கிடையாது.

மாசாமாசம் என்ன செலவு?

20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம்னு ஒரு சின்ன பூலை வெச்சுக்குவோம். 800 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக சுமார் 22,600 லிட்டர் தண்ணி. 12,000 லிட்டர் லாரின்னா ரெண்டு லோடு.

ஒரு தடவை நிரப்பினா முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. நம்ம ஊர் வெயில்ல தண்ணி ஆவியாகிட்டே இருக்கும். ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் குறையுதுன்னு வெச்சாலே, 200 சதுர அடி பரப்புக்கு தினமும் 90 லிட்டருக்கு மேல போகும். வருஷத்துக்கு சுமார் 34,000 லிட்டர். பூலோட கொள்ளளவுல ஒன்றரை மடங்கு! மழை கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். ஆனா ஃபில்டரைக் கழுவ தண்ணியைத் திருப்பி விடுறது, குளிக்கிறவங்க மேல தெறிச்சுப் போறதுன்னு அதுலயும் செலவாகும். ஏப்ரல், மே மாசம் போர்ல தண்ணி இறங்குற அதே நேரத்துலதான் பூலும் அதிகமா கேட்கும்.

அடுத்து மின்சாரம். 1 எச்பி மோட்டார் தினமும் 6 மணி நேரம் ஓடினா சுமார் 4.5 யூனிட். ரெண்டு மாச பில்லுக்கு 270 யூனிட் கூடும். நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினா, 200 யூனிட் வரைக்குமான குறைஞ்ச ரேட்டும் கையை விட்டுப் போயிடும். அதனால வீட்டு ஏசிக்கும் சேர்த்து பில் ஏறும்.

எல்லாத்தையும் சேர்த்தா மாசக் கணக்கு இப்படி வரும்:

- மோட்டார் கரண்ட்: 1,100
- குளோரின், பிஎச் சரி பண்ற கெமிக்கல்: 1,500
- வாரம் ரெண்டு நாள் வந்து சுத்தம் பண்றவருக்கு: 3,000
- தண்ணி: 400
- ரிப்பேர் ஒதுக்கீடு (மோட்டார், ஃபில்டர் மணல், டைல்ஸ், கசிவு): 1,500

மொத்தம் 7,500 ரூபாய். "நானே சுத்தம் பண்ணிக்குவேன்"னு சொல்றவங்க அந்த 3,000-ஐ அடிச்சுடலாம். ஆனா சனிக்கிழமை காலையில யாரு வலையை எடுத்துக்கிட்டு இலை பொறுக்குறதுன்னு இப்பவே பேசி முடிவு பண்ணிக்கோங்க!

இஎம்ஐ 8,678, மாசச் செலவு 7,500. ஆக 16,178 ரூபாய். வருஷத்துக்கு 1,94,136.

இப்போ அந்த 30,000-க்கு வருவோம்

வீட்டு விலையோட ஒப்பிட்டா பூல் வெறும் 12 சதவீதம். மாச மிச்சத்தோட ஒப்பிட்டா 54 சதவீதம்! குழந்தை படிப்பு, ரிட்டயர்மென்ட், எமர்ஜென்சி ஃபண்ட், லோனை முன்கூட்டியே அடைக்கிறது எல்லாத்துக்கும் சேர்த்து இருந்தது 30,000. அதுல பாதிக்கு மேல பூலுக்குப் போயிடும்.

பெரிய செலவு பக்கத்துல இருக்கும்போது இன்னொரு செலவு சின்னதாத் தெரியும். அதனாலதான் சொல்றேன், எக்ஸ்ட்ரா ஐட்டம் எதுவா இருந்தாலும் வீட்டு விலையோட ஒப்பிடாதீங்க. மாச மிச்சத்தோட ஒப்பிடுங்க.

இன்னொரு நிலைமையையும் யோசிச்சுப் பாருங்க. ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு வேலை போகுது, இல்ல குழந்தைக்காக ஒரு வருஷம் லீவு எடுக்கணும். வருமானம் 80,000 ஆயிடும். இஎம்ஐ மட்டும் 60,700. ஓடிடி சந்தாவை நிறுத்தலாம். காரைக் கூட விக்கலாம். பூலை மட்டும் தனியா விக்க முடியாது. கவனிக்காம விட்டா தண்ணி பச்சையாகி கொசு வளரும். காலி பண்ணிப் போட்டாலும் சும்மா இருக்காது. நிலத்தடி நீர் மேல இருக்கிற இடத்துல காலி பூலை அது கீழ இருந்து தள்ளி விரிசல் விடவும் வாய்ப்பு இருக்கு.

ஒரு தடவை நீந்த எவ்வளவு செலவு?

கணவன் மனைவி ரெண்டு பேரும் வாரம் 4 நாள் நீந்தினா, வருஷத்துக்கு 416 தடவை. ஒரு தடவைக்கு சுமார் 467 ரூபாய். வாரம் ஒரு நாள்னா 104 தடவை, ஒவ்வொண்ணும் 1,867 ரூபாய். மாசம் ரெண்டு நாள்னு குறைஞ்சா 48 தடவை, ஒவ்வொண்ணும் 4,000-க்கு மேல.

வெளியில ஒரு பூலுக்குப் போய் வர பெட்ரோலோட சேர்த்து ஒருத்தருக்கு 300 ரூபாய்னு வெச்சுக்கோங்க. 1,94,136-ஐ 300-ஆல வகுத்தா 647. அதாவது வீட்டு பூல் லாபமா இருக்கணும்னா ரெண்டு பேரும் ஆளுக்கு வருஷத்துல 324 நாள் நீந்தணும். மழை, சளி, தீபாவளி, ஆபீஸ் ரிலீஸ் எல்லாத்தையும் மிச்சம் இருக்கிற 41 நாளுக்குள்ள முடிச்சுக்கணும்!

வீட்டுல 4 பேரும் நீந்துற குடும்பம்னா, ஆளுக்கு 162 நாள் போதும். வாரத்துக்கு மூணு நாள். அது நடக்கக்கூடியதுதான். அதனால கணக்கு எப்பவும் "வேண்டாம்"னுதான் சொல்லும்னு நினைக்காதீங்க.

விக்கும்போது விலை கூடுமா?

வாங்க வர்றவருக்கு பூல் பிடிச்சா கொஞ்சம் கூடுதலா கொடுக்கலாம். சின்னக் குழந்தை இருக்கிறவருக்கு அதுவே பயம். வேற ஒருத்தர் "இதை மூடி மண் போட எவ்வளவு ஆகும்?"னு கேட்டு விலையைக் குறைப்பார். நிலத்தோட விலை ஏறும். பூல் பழசாகத்தான் செய்யும்.

ஒரு டேக்ஸ் டிப்: கட்டியே தீருவேன்னா பில், பேங்க் டிரான்ஸ்ஃபர் ஆதாரம் எல்லாத்தையும் பத்திரமா வெச்சுக்கோங்க. பின்னாடி வீட்டை விக்கும்போது அந்தச் செலவையும் வீட்டோட அடக்க விலையில சேர்த்து, கேபிடல் கெயின்ஸைக் குறைக்கலாம். பில் இல்லாம ரொக்கமா கொடுத்தா அதை நிரூபிக்கறது கஷ்டம்.

காசைத் தாண்டி ஒண்ணு

வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா, சுத்தி நாலு பக்கமும் வேலி, தானா மூடிக்கிற கேட் ரெண்டும் கட்டாயம். ஒண்ணுலேர்ந்து நாலு வயசுக் குழந்தைகளோட இறப்புக்கு முக்கியக் காரணங்கள்ல தண்ணியில மூழ்கறதும் ஒண்ணுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கொட்டேஷன்ல வேலி இல்லைன்னா அந்தக் கொட்டேஷன் முழுசு இல்ல.

ஃப்ளாட் வாங்குறவங்களுக்கு

உங்கள்ல நிறைய பேருக்கு பூல் வர்றது பிரோஷர் வழியா. அங்க கேள்வி ஒண்ணுதான்: ஒரு பூலை எத்தனை வீடு சுமக்குது? பராமரிப்பு மாசம் 40,000 ஆகுதுன்னா, 200 வீடு இருக்கிற இடத்துல ஒரு வீட்டுக்கு 200 ரூபாய். 25 வீடு இருக்கிற இடத்துல 1,600. பெரிய புராஜெக்ட்ல பூல் நல்ல டீல். சின்ன அபார்ட்மென்ட் மொட்டை மாடியில இருக்கிற பூல்தான் விலை அதிகம்.

மெயின்டனன்ஸ் மாசம் 7,500-ஐத் தாண்டி, அசோசியேஷனோட வருஷ டர்ன்ஓவரும் 20 லட்சத்தைத் தாண்டினா 18% ஜிஎஸ்டி வரும். 2019-ல வந்த சுற்றறிக்கை முழுத் தொகைக்கும் வரின்னு சொல்லுச்சு. 2021-ல சென்னை உயர் நீதிமன்றம் 7,500-க்கு மேல இருக்கிற தொகைக்கு மட்டும்தான்னு தீர்ப்புச் சொல்லுச்சு. மெயின்டனன்ஸ் 8,500-ன்னா, முதல் கணக்குல வரி 1,530, ரெண்டாவது கணக்குல 180. உங்க அசோசியேஷன் எப்படிப் போடுதுன்னு பில்லைப் பாருங்க.

அப்போ யாருக்கு பூல் சரி?

எமர்ஜென்சி ஃபண்ட் 6 மாசத்துக்கு இருக்கு, டேர்ம் இன்சூரன்ஸும் ஹெல்த் இன்சூரன்ஸும் எடுத்தாச்சு, பூலுக்குக் கடன் வாங்க வேண்டாம், மாசம் 7,500 போனாலும் உங்க எஸ்ஐபி நிக்காது. இந்த நாலுக்கும் "ஆமா"ன்னா தாராளமா கட்டுங்க. சந்தோஷத்துக்குச் செலவு பண்றது தப்பே இல்ல. விலை தெரிஞ்சு பண்ணணும், அவ்வளவுதான்.

இன்னும் முடிவு எடுக்க முடியலையா? ரெண்டு வேலை பண்ணுங்க.

ஒண்ணு: பக்கத்துல இருக்கிற ஏதாவது ஒரு பூல்ல 3 மாச மெம்பர்ஷிப் எடுங்க. போன நாளை எல்லாம் காலண்டர்ல வட்டம் போடுங்க. மூணாவது மாசமும் வாரத்துக்கு 3 நாள் போறீங்களான்னு பாருங்க. முதல் மாசக் கணக்கு செல்லாது, ஜிம்முக்கும் எல்லாரும் ஜனவரியில போவாங்க!

ரெண்டு: வீடு கட்டும்போது பூலுக்கான இடத்தை மட்டும் காலியா விடுங்க. அங்க வரைக்கும் ஒரு தண்ணி பைப், ஒரு கரண்ட் கான்டூட், ஒரு வடிகால் பைப் போட்டு வையுங்க. பக்கவாட்டுல ஜேசிபி நுழையற அளவுக்கு வழி விடுங்க. இதுக்கு ஆகிற செலவு கம்மி. லோன் பாதி அடைஞ்ச பிறகும் ஆசை அப்படியே இருந்தா அப்போ கட்டிக்கலாம். அதுவரைக்கும் அந்த இடத்துல ரெண்டு வாழை, ஒரு முருங்கை வையுங்க.

இன்னைக்கே உங்க மாச மிச்சம் எவ்வளவுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. எஞ்சினியர் அடுத்த தடவை "இன்னும் ஒரு 10 லட்சம்தானே"ன்னு சொல்லும்போது, அந்தப் பேப்பரை எடுத்துப் பார்த்துட்டுப் பதில் சொல்லுங்க.