இறால் விடமுன் தொட்டி பக்குவப்பட வேண்டும்

கைக்காசு கொடுத்து வாங்கிய செரி இறால்களைப் புதுத்தொட்டியில் விட்டு, ஓரிரு நாளிலே சாகக் கொடுத்தவர்கள் பலர். "தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது" என்பார்கள். தெளிவு வேறு, பக்குவம் வேறு.

மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகும்போது அமோனியா உண்டாகிறது. இது கொடிய நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா இதனை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக்கும். வயலில் இடும் யூரியாவும் மண்ணில் இப்படித்தான் மாறுகிறது.

இப்பற்றீரியாக்கள் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியேற 4 முதல் 6 வாரம் செல்லும். அதுவரை காற்றுப்பம்பியை ஓடவிட்டு, இரண்டு நாளுக்கொருமுறை ஒரு சிட்டிகை மீன்தீனி மட்டும் போடுங்கள். நோயற்ற பழைய தொட்டியின் பஞ்சு கிடைத்தால் காலம் குறையும்.

பின்னர் சோதனைத் துளிகளால் நீரைப் பாருங்கள். தீனி போட்ட மறுநாளும் அமோனியா 0, நைத்திரைற்று 0 எனக் காட்டி, நைத்திரேற்று மட்டும் தென்பட்டால் தொட்டி தயார். கல்லில் படிந்த மெல்லிய பாசியைக் கழுவ வேண்டாம். அது இறாலுக்கு உணவு. கால்பங்கு நீரை மாற்றி, முதலில் 5 இறால் விடுங்கள். ஒரு வாரம் அவை பாசியை மேய்ந்து திரிந்தால் மற்றவற்றையும் விடலாம்.

ஒன்றை மறவாதீர்கள்: செப்பு கலந்த பங்கசுநாசினி கரைத்த வாளியைத் தொட்டிக்குப் பாவிக்க வேண்டாம். சிறிதளவு செப்பும் இறாலைக் கொல்லும்.