சயாட்டிக்கா வலியும் தெளிந்த சித்தமும்

கரடுமுரடான பாதையில் நாள்தோறும் ஜீப்பில் செல்லும் மண் ஆய்வுப் பணியாளர் ஒருவர் கருவிப் பெட்டியைக் குனிந்து தூக்குகிறார் என்று கொள்வோம். அக்கணமே இடுப்பிலிருந்து பிட்டம், தொடையின் பின்புறம், கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் ஒரு வலி இறங்குகிறது. இருமினால் வலி, தும்மினால் வலி, நாற்காலியில் அமர்ந்தாலும் வலி. யாரோ சிபாரிசு செய்த மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்குகிறார். வலி அவ்வளவாகக் குறையவில்லை. ஆனால் தலை சுழல்கிறது, கண் சொக்குகிறது. மாலையில் மலைப்பாதையில் வண்டியை ஓட்டிவர வேண்டியவரும் அவரே.

ஆசிரியர்களுக்கும் இந்நிலை புதிதன்று. ஆய்வுக்கூடத்தில் அமிலமும் நெருப்பும் மாணவர் கையில் இருக்கும்போது, மேற்பார்வை செய்பவரின் கவனம் ஒரு நொடி தவறினாலும் விபரீதம் நேரலாம். ஆகவே வலியைத் தணிப்பது எப்படி என்பதோடு, அறிவு மயங்காமல் தணிப்பது எப்படி என்பதும் ஆராயத்தக்கதாகும். இவ்விரண்டு நோக்கங்களும் பெரும்பாலும் ஒரே வழியில் செல்கின்றன என்பது ஆறுதலான செய்தி.

நரம்பும் அதன் பாதையும்

மனித உடலில் மிகப் பருத்த நரம்பு சயாட்டிக் நரம்பே. இடுப்புப் பகுதி முதுகெலும்பிலிருந்து வரும் 4, 5ஆம் நரம்பு வேர்களும், அதன் கீழுள்ள திரிக எலும்புப் பகுதியின் முதல் 3 வேர்களும் ஒன்றுகூடி இதனை உண்டாக்குகின்றன. பிட்டத்தின் ஆழத்தில் புகுந்து, தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இது இரு கிளைகளாகப் பிரிகிறது.

நம் நாட்டு ஆயுர்வேத நூல்கள் இந்நோயைக் கிருத்ரசி என்று குறிப்பிடுகின்றன. கிருத்ரம் என்பது கழுகு. நோயாளியின் நடை கழுகின் நடையை ஒத்திருப்பதால் இப்பெயர் வந்தது என்பர். இடுப்பு மூட்டின் நோயினின்றும் வேறாக, நரம்பைச் சார்ந்த நோயாக இதனை 1764ல் விளக்கியவர் இத்தாலிய நாட்டு நேப்பிள்ஸ் நகர மருத்துவர் டொமினிக்கோ கொட்டூன்யோ ஆவார். இதன் முக்கியக் காரணம் தெளிவாக நிலைநாட்டப்பட மேலும் 170 ஆண்டுகள் சென்றன. 1934ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்னும் இரு மருத்துவர்கள், முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டு கிழிந்து நரம்பு வேரை அழுத்துவதால் இவ்வலி தோன்றுவதை எடுத்துக்காட்டினர்.

வலி தோன்றுவதும் தணிவதும்

மக்கள் ‘டிஸ்க்’ என்று கூறும் இந்த இடைத்தட்டின் வெளிப்புறம் உறுதியான நார் வளையம்; உட்புறம் கூழ் போன்ற பொருள். வளையம் கிழியுமாயின் கூழ் வெளியே பிதுங்கி நரம்பு வேரை நெருக்குகிறது. அத்துடன் அதிலுள்ள இரசாயனப் பொருள்கள் நரம்பு வேரை அழற்சியுறச் செய்கின்றன. வலியின் கடுமைக்கு இந்த அழற்சியும் ஒரு பெருங்காரணம்.

பிதுங்கிய பொருளை உடல் அப்படியே விட்டுவிடுவதில்லை. இரத்தத்தின் வழியே வரும் துப்புரவு அணுக்கள் அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்து அகற்றுகின்றன. இதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். வலியே இல்லாதவர் பலரிடமும் ஸ்கேன் படத்தில் தட்டுப் பிதுக்கம் காணப்படுவதுண்டு. ஆதலின் அபாய அறிகுறி ஏதும் இல்லாதவிடத்து, முதல் நாளே படம் எடுத்துப் பார்த்துக் கலங்க வேண்டுவதில்லை.

படுக்கை தேவையா?

அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பது நெடுங்கால நம்பிக்கை. நெதர்லாந்தில் 183 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1999ல் வெளியான சோதனையில், ஒரு பிரிவினர் 2 வாரம் படுக்கையில் இருந்தனர். மற்றவர் இயன்றவரை நடமாடினர். 12 வாரங்களின் முடிவில் இரு பிரிவிலும் நூற்றுக்கு 87 பேர் குணம் கண்டதாகக் கூறினர். படுக்கையால் தனி நன்மை விளையவில்லை. வலி மிகுந்த ஓரிரு நாள் ஓய்வு கொள்ளலாம். அதன்பின் சிறு நடையாக எழுந்து உலாவுவதே தக்கது.

மருந்தும் மயக்கமும்

வலிக்கெனத் தரப்படும் மருந்துகளுள் பிரேகாபலின், கேபாபென்டின், டிரமடால், டயஸிபாம் ஆகியவை தூக்கத்தையும் தலைச்சுற்றலையும் உண்டாக்கக் கூடியவை. இவற்றை உட்கொண்ட நிலையில் வண்டி ஓட்டுதல், கிணற்றருகே அல்லது உயரத்தில் வேலை செய்தல், மது அருந்துதல் ஆகியன ஆபத்தானவை.

மயக்கத்தைப் பொறுத்துக்கொண்டால் வலியாவது தீருமா? ஆஸ்திரேலியாவில் 209 நோயாளிகளிடம் நடந்து 2017ல் வெளியான சோதனையில், பிரேகாபலின் உண்டவர்களின் கால்வலி, மருந்தில்லா வெறும் மாத்திரை உண்டவர்களின் வலியைக் காட்டிலும் அதிகம் குறையவில்லை. ஆனால் பக்கவிளைவுகள் வெறும் மாத்திரைப் பிரிவில் 124 ஆகவும், மருந்துப் பிரிவில் 227 ஆகவும் பதிவாயின. நீரிழிவால் வரும் நரம்பு வலிக்கு இம்மருந்து பயன்படுகிறது. சயாட்டிக்காவுக்கு அதே பயனை எதிர்பார்ப்பதற்கில்லை. டிரமடால் பழக்கத்துக்கு அடிமையாக்கக் கூடியது. இந்தியாவில் அது 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது.

ஏற்கெனவே இம்மருந்துகளைத் தொடர்ந்து உண்டு வருபவர், இதனைப் படித்தவுடன் திடீரென நிறுத்தலாகாது. மருத்துவரின் ஆலோசனைப்படி அளவைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

ஐபுபுரோஃபென் போன்ற அழற்சி தணிக்கும் மருந்துகள் பொதுவாக மயக்கம் தருவதில்லை. எனினும் இவற்றின் பயனும் ஓரளவே. வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இருதய நோய் உள்ளவரும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் இவற்றை உண்ணலாகாது. வெயிலில் நீர் அருந்தாமல் உழைப்பவருக்கு இவை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்பதைக் களப்பணியாளர் மறவாதிருத்தல் வேண்டும்.

அன்றாட நடைமுறை

மல்லாந்து படுத்து முழங்காலின் கீழ் தலையணை வைத்தாலும், ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்தாலும் பலருக்கு வலி தணியும். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 15 நிமிடம் இடுப்பில் ஒத்தடம் கொடுக்கலாம். உணர்ச்சி மரத்த இடத்தில் கொடுத்தால் தோல் வெந்துவிடும். அரைமணிக்கு ஒருமுறை இருக்கையை விட்டு எழுதல் நன்று. ஜீப் பயணத்தில் மணிக்கு ஒருமுறை இறங்கிச் சிறிது நடக்க வேண்டும். பின்பையில் தடித்த பணப்பை வைத்து அதன்மேல் அமர்தல் கூடாது. சுமையைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்து எழ வேண்டும். இடுப்பை முறுக்கியும் இழுத்தும் செய்யும் முரட்டு வைத்தியத்தைத் தவிர்க்க வேண்டும். வலி தணியத் தொடங்கியதும், பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரிடம் தேகப்பயிற்சி கற்றுக்கொள்ளலாம்.

சில வாரங்களாகியும் வலி தணியாதவருக்கு அறுவை சிகிச்சை ஒரு வழியாகும். 283 பேரைக் கொண்டு நெதர்லாந்தில் நடந்து 2007ல் வெளியான சோதனையில், விரைவில் அறுவை செய்துகொண்டவருக்கு வலி சீக்கிரம் நீங்கியது. ஆயினும் ஓராண்டின் முடிவில், பொறுத்திருந்தவரும் அதே நிலையை எய்தியிருந்தனர். பொறுத்திருந்தவருள் நூற்றுக்கு 39 பேர் பின்னர் அறுவைக்கு உட்பட்டனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

காத்திருக்கலாகாத நிலைகள்

சிறுநீர் வெளிவராமல் அடைபடுதல், மலம் அறியாமல் வெளியேறுதல், பிறப்புறுப்பும் ஆசனவாயும் அடங்கிய பகுதி மரத்துப்போதல், இரு கால்களும் வலுவிழத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முதுகெலும்பின் அடியிலுள்ள நரம்புக் கற்றை முழுவதும் நெரிபடுவதன் அறிகுறி இது. தாமதித்தால் இழந்த சக்தி மீளாது போகலாம். பாதத்தை மேலே தூக்க இயலாமையும் உடனே காட்டத்தக்கதே. காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், இரவிலும் ஓயாத முதுகுவலி ஆகியவை இருப்பின் முதுகெலும்பில் காசநோயோ வேறு நோயோ உண்டா என்று சோதிக்க வேண்டும்.

நோயாளி ஒரு குறிப்பேட்டில், வலி எதுவரை இறங்குகிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிந்தது, எந்த இடம் மரத்திருக்கிறது என்று நாள்தோறும் எழுதி வருதல் நலம். பாதத்தில் இருந்த வலி தொடைக்கும் இடுப்புக்கும் ஏறிச் சுருங்குவது பெரும்பாலும் குணத்தின் அறிகுறி. மரப்பு பரவுவது எச்சரிக்கை. மாத்திரையின் மயக்கத்தில் உறங்கிக் கிடப்பவர் இவ்வேறுபாட்டை அறியமாட்டார். சிறுநீர் அடைபட்டதைக்கூட நேரங்கழித்தே உணர்வார். தெளிந்த சித்தம் அலுவலுக்கு மட்டும் வேண்டுவதன்று. நோயாளியின் கால்களைக் காக்கும் காவலும் அதுவேயாகும்.