ஏற்றுமதிக்கு வழி அமைக்கும் நிதி: மாநிலங்களுக்கு மத்திய அரசு உதவுவது எப்படி?

புதுதில்லி: நாட்டின் சரக்கு ஏற்றுமதி 2023-24ஆம் நிதியாண்டில் ஏறத்தாழ 43,700 கோடி டாலராக இருந்தது. அதில் குஜராத்தின் பங்கு மட்டும் சுமார் 30 சதவீதம். வடகிழக்கு மாநிலங்கள் எட்டின் பங்கையும் கூட்டினால்கூட அது ஒரு சதவீதத்தை எட்டவில்லை.

இந்த இடைவெளிக்கு விளைபொருளோ உழைப்போ இல்லாதது காரணமன்று. துறைமுகத்துக்குத் தொலைவில் உள்ள மாவட்டங்களில் விளையும் இஞ்சி, மஞ்சள், பழங்கள் ஆகியவற்றை வெளிநாடு வாங்கும் தரத்தில், கெடாமல், உரிய சான்றிதழுடன் எல்லை கடத்தும் வசதிகள் குறைவாக இருப்பதே முதன்மையான காரணங்களுள் ஒன்று. அந்தக் குறையைப் போக்குவதற்காக மத்திய வர்த்தக அமைச்சகம் நடைமுறைப்படுத்திய திட்டமே 'ஏற்றுமதிக்கான வர்த்தக உள்கட்டமைப்புத் திட்டம்'. சுருக்கமாக 'டைஸ்' என அழைக்கப்படுகிறது.

முன்னோடித் திட்டம்

ஏற்றுமதி உள்கட்டமைப்புக்காக மாநிலங்களுக்கு நிதி வழங்கும் 'அசைட்' என்ற திட்டம் 2002-இல் தொடங்கப்பட்டது. அதன் நிதியில் 80 சதவீதம் மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. எஞ்சிய 20 சதவீதத்தை மத்திய அரசு தன்வசம் வைத்துக்கொண்டது. மாநிலத்தின் ஏற்றுமதி அளவும் வளர்ச்சியும் பகிர்வுக்கான அளவுகோல்களாக இருந்தன.

மத்திய வரி வருவாயில் மாநிலங்களின் பங்கை 32 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்த்த 14ஆவது நிதிக்குழு பரிந்துரைத்ததைத் தொடர்ந்து, 2015-இல் அத்திட்டத்துக்கான மத்திய உதவி நிறுத்தப்பட்டது. கூடுதல் வரிப் பங்கிலிருந்து மாநிலங்களே இப்பணிகளுக்குச் செலவிடலாம் என்பது அதன் பின்னணியில் இருந்த கருத்து. ஆனால், சாலை, குடிநீர், ஊதியம் எனப் பல செலவினங்களுடன் போட்டியிடும்போது ஏற்றுமதிக்கான ஆய்வகமோ குளிர்பதனக் கிடங்கோ மாநில நிதிநிலை அறிக்கையில் முன்னுரிமை பெறுவது எளிதன்று. தனித் திட்டம் தேவை என மாநிலங்கள் தொடர்ந்து வலியுறுத்தின.

இதையடுத்து 2017 மார்ச்சில், அப்போதைய வர்த்தகத் துறை இணையமைச்சர் (தனிப்பொறுப்பு) நிர்மலா சீதாராமன் 'டைஸ்' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் மூன்று நிதியாண்டுகளுக்கு 600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பின்னர் 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு 360 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் திட்டம் நீட்டிக்கப்பட்டது.

எவற்றுக்கு நிதி?

எல்லைச் சந்தைகள், நில வழிச் சுங்க நிலையங்கள், தரப் பரிசோதனை மற்றும் சான்றளிப்பு ஆய்வகங்கள், குளிர்பதனத் தொடர் வசதிகள், வர்த்தக மேம்பாட்டு மையங்கள், உலர் துறைமுகங்கள், ஏற்றுமதிக் கிடங்குகள், துறைமுக மற்றும் விமான நிலையச் சரக்கு முனையங்கள் ஆகியவை தகுதி பெறும். மத்திய, மாநில அரசு அமைப்புகள், ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுமங்கள், பண்டக வாரியங்கள் உள்ளிட்டவை விண்ணப்பிக்கலாம்.

நெடுஞ்சாலை, ரயில் பாதை, மின்சாரம் போன்று உள்நாட்டுப் பயன்பாடே மேலோங்கிய பணிகளுக்கு நிதி கிடையாது. ஜவுளி, மின்னணுவியல் போல் தனித் திட்டங்கள் உள்ள துறைகளின் பணிகளும் விலக்கப்பட்டுள்ளன. விண்ணப்பங்களை வர்த்தகத் துறைச் செயலர் தலைமையிலான பல்துறை அதிகாரக் குழு பரிசீலிக்கிறது.

நிதி கணக்கிடப்படும் முறை

மத்திய மானியம், திட்டத்தின் மொத்தப் பங்கு மூலதனத்தில் பொதுவாக 50 சதவீதத்தைத் தாண்டாது. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு இது 80 சதவீதம் வரை உயரலாம். ஒரு திட்டத்துக்கு உச்சவரம்பு 20 கோடி ரூபாய்.

எடுத்துக்காட்டாக, 10 கோடி ரூபாய் பங்கு மூலதனத்தில் ஓர் ஆய்வகம் அமைக்கப்பட்டால், சமவெளி மாநிலம் ஒன்று அதிகபட்சம் 5 கோடி ரூபாய் பெறும். மேகாலயம் 8 கோடி ரூபாய் வரை பெற இயலும். பங்கு மூலதனம் 50 கோடியாக இருந்தால், பாதித் தொகை 25 கோடி ஆனபோதிலும் உச்சவரம்பு காரணமாக 20 கோடி மட்டுமே கிடைக்கும்.

சிறு ஏற்றுமதியாளருக்கு என்ன பயன்?

உணவுப் பொருள்களை வாங்கும் நாடுகள் பூச்சிக்கொல்லி எச்சத்துக்குக் கடுமையான வரம்பு விதிக்கின்றன. அருகில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் இல்லாவிட்டால், மாதிரியை வேறு மாநிலத்துக்கு அனுப்பி முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். அதற்குள் பழமும் காய்கறியும் தரம் இழந்துவிடும். பெருநிறுவனங்கள் சொந்தமாக ஆய்வகம் அமைத்துக்கொள்ளலாம்; சில ஏக்கர் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனத்தால் அது இயலாது. விளைபொருளை இடைத்தரகரிடம் உள்ளூர் விலைக்கே விற்பதா, நேரடியாக ஏற்றுமதி செய்வதா என்பதை இத்தகைய பொது வசதிகளே தீர்மானிக்கின்றன.

வரம்புகள்

ஒதுக்கீட்டின் அளவே முதல் கேள்வி. ஐந்தாண்டுகளுக்கு 360 கோடி ரூபாய் என்றால் ஆண்டுக்குச் சராசரியாக 72 கோடி. ஒவ்வொரு திட்டமும் உச்சவரம்புத் தொகையைப் பெற்றால், நாடு முழுவதற்கும் 18 திட்டங்களுக்கே இது போதும்.

இரண்டாவது, மாநிலத்தின் பங்களிப்பு. ஏற்றுமதியில் பின்தங்கிய மாநிலங்கள் பலவும் நிதிநிலையிலும் பின்தங்கியவை. தனது பங்கைத் திரட்ட இயலாத மாநிலம் மானியத்துக்கே விண்ணப்பிக்க இயலாது. மலை மாநிலங்களுக்கு அளிக்கப்படும் 80 சதவீதச் சலுகை, சமவெளியில் உள்ள பின்தங்கிய மாநிலங்களுக்கு இல்லை.

மூன்றாவது, கட்டிய பின் இயக்குவது. ஆய்வகத்துக்குப் பயிற்சி பெற்ற வேதியியலாளர்களும், குளிர்பதனக் கிடங்குக்குத் தடையற்ற மின்சாரமும் தேவை. எல்லை வசதிகளோ அண்டை நாட்டுச் சூழலையும் சார்ந்தவை. வங்கதேச எல்லையில் மேகாலயத்தின் காலாய்சரில் 2011-இல் தொடங்கப்பட்டது உள்ளிட்ட எல்லைச் சந்தைகள், 2020-இல் கொரோனா பரவலால் மூடப்பட்டபோது அவற்றை நம்பியிருந்த சிறு வணிகர்கள் வருவாய் இழந்தனர்.

அடுத்த கட்டம்

ஒவ்வொரு மாவட்டமும் ஏற்றுமதி மையமாக வேண்டும் எனப் பிரதமர் நரேந்திர மோடி 2019 சுதந்திர தின உரையில் குறிப்பிட்டார். 2023-இல் வெளியான வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையிலும் அது இடம்பெற்றது. 2030-க்குள் சரக்கு, சேவை ஏற்றுமதியை 2 லட்சம் கோடி டாலராக உயர்த்துவது இலக்கு. 2024-25இல் இது சுமார் 82,500 கோடி டாலர்.

2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை 25,060 கோடி ரூபாய் மதிப்பிலான ஏற்றுமதி மேம்பாட்டு இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030-31 வரை செயல்படும் இதில் கடனுதவியுடன், தரச் சான்று, கிடங்கு, உள்நாட்டுப் போக்குவரத்துச் செலவு ஆகியவற்றுக்கான உதவியும் இடம்பெற்றுள்ளது. முந்தைய திட்டங்களைவிட ஒதுக்கீடு பன்மடங்கு அதிகம். எனினும் போக்குவரத்துச் செலவைத் திருப்பித் தருவது ஏற்றுமதி செய்தவருக்கே பயன்படும்; ஆய்வகமும் கிடங்கும் இல்லாத மாவட்டத்தில் முதல் சரக்கை அனுப்ப முனைபவருக்கு, அவற்றை அமைத்துத் தருவதே முதல் தேவை.