‘எங்க காலத்து ஆட்டம் மாதிரி வருமா?’ - கூடைப்பந்து ரசிகர்கள் பழசையே பேசுவது ஏன்?

2025 அக்டோபர் 21. அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி, 23 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டங்களை மீண்டும் ஒளிபரப்பத் தொடங்கியது அன்றுதான். பழைய ரசிகர்கள் ஆட்டத்தைவிட அதிகமாக எதிர்பார்த்தது, அதற்கு முன்னால் வரும் இசையை.

‘ரவுண்ட்பால் ராக்’ என்ற அந்த முகப்பு இசை, 1990 முதல் 2002 வரை அதே சேனலில் ஒலித்தது. போட்டவர் ஜான் டெஷ். பிரான்ஸில் நடக்கும் சைக்கிள் பந்தயத்தைப் பற்றிச் சொல்லப் போனவருக்கு அங்கே திடீரென்று மெட்டு தோன்றியிருக்கிறது. எழுதி வைக்க வழியில்லை. தன் வீட்டுக்கே போன் போட்டு, ஆன்சரிங் மெஷினில் வாயாலேயே பாடி வைத்துவிட்டார்! அந்த இசை திரும்பி வந்ததோடு நிற்கவில்லை. 90களில் அறிவிப்புகளுக்குக் குரல் கொடுத்து, 2017-ல் மறைந்த ஜிம் ஃபேகனின் குரலை, குடும்பத்தின் அனுமதியோடு ஏ.ஐ. மூலம் மறுபடி கொண்டுவர ஏற்பாடு செய்தது அந்த சேனல். கூடவே மைக்கேல் ஜோர்டானையும் நிகழ்ச்சிக்குள் அழைத்துக்கொண்டது.

புது சீசனை விற்கப் பழைய நினைவுகளா? அப்படி அந்தக் காலத்து ஆட்டத்தில் என்னதான் இருந்தது?

வழக்கமான புலம்பல் இப்படிப் போகும்: “இப்பல்லாம் யாரு டிஃபென்ஸ் ஆடுறா? எல்லாரும் தூரத்துல நின்னு மூணு பாயின்ட் எறியுறான். லேசா இடிச்சா விசில். முக்கால்வாசி ஸ்டாருங்க ரெஸ்ட்ல இருக்காங்க.” கிரிக்கெட்டில் டி20 வந்தபோது நம்ம ஊர் பெரியவர்கள் பேசியது ஞாபகம் வருகிறதா? அதேதான். ஆனால் இதில் எது உண்மை, எது வெறும் ஏக்கம் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்று புள்ளி செய்த வேலை

முதல் புகார் நியாயமானது. தூரத்தில் இருந்து போட்டால் 3 புள்ளி என்ற கோடு என்.பி.ஏ.வுக்கு வந்தது 1979-80 சீசனில். அப்போது யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 2.8 முறைதான் அங்கிருந்து முயன்றது. 2024-25 சீசனில் அதே சராசரி 37.6. ஜோர்டான் லீக் ஆட்டங்களில் தன் வாழ்நாள் முழுக்கப் போட்ட மூன்று புள்ளிகள் 581. ஸ்டெஃபன் கரி 2015-16 என்ற ஒரே சீசனில் போட்டது 402.

காரணம் எளிய கணக்கு. கோட்டுக்குச் சற்று உள்ளே நின்று போடும் பந்து பத்துக்கு நான்கு விழுந்தால் 8 புள்ளி. ஓரடி பின்னால் போய்க் கோட்டுக்கு வெளியே நின்றால், பத்துக்கு மூன்று விழுந்தாலே 9 புள்ளி. நான்கு விழுந்தால் 12! இந்தக் கணக்கு எல்லா அணிகளின் கம்ப்யூட்டருக்குள்ளும் புகுந்த பிறகு, நடுத் தூரத்தில் இருந்து போடும் ஜம்ப் ஷாட் மெல்ல மறைந்தது. கூடைக்கு முதுகு காட்டி நின்று, எதிராளியைத் தோளால் தள்ளித் தள்ளி உள்ளே போகும் உயரமான சென்டர்களின் ஆட்டமும் குறைந்தது. கரீம் அப்துல் ஜப்பார் ஒற்றைக் கையை வானத்துக்கு நீட்டி வீசும் ‘ஸ்கை ஹூக்’கை இன்று யார் ஆடுகிறார்கள்?

2017-18-ல் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி, இரண்டு புள்ளி முயற்சிகளைவிட மூன்று புள்ளி முயற்சிகளை அதிகம் எடுத்த முதல் அணியானது. அந்த ஆண்டே, இறுதிப் போட்டிக்குப் போக வேண்டிய கடைசி ஆட்டத்தில், தொடர்ச்சியாக 27 மூன்று புள்ளி முயற்சிகளைத் தவறவிட்டுத் தோற்றது. பழைய ரசிகர்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்குமா!

கரியின் ஆட்டம் அழகில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அன்று ஓர் அணியைப் போல இன்னோர் அணி ஆடாது, இன்று எல்லா அணியும் ஒரே கணக்கைப் போடுகிறது என்பதுதான் விஷயம். இந்த வருத்தத்தில் உண்மை இருக்கிறது.

அந்த ‘முரட்டு’ ஆட்டம்

அடுத்த புகார்தான் இடிக்கிறது. முன்பு, பந்து வைத்திருப்பவரின் இடுப்பில் கை வைத்தே வழி மறிக்கலாம். அதைப் படிப்படியாக இறுக்கி, 2004-05-ல் கறாராக நிறுத்தினார்கள். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 2001 வரை ‘ஜோன்’ முறையில் ஒரு பகுதியை எல்லோருமாகச் சேர்ந்து காப்பது தடை செய்யப்பட்டிருந்தது. ஆளுக்கு ஆள்தான். அதனால் பெரிய ஸ்டார்களுக்குத் தனியே மோதிப் பார்க்க இடம் கிடைத்தது. இன்றைய டிஃபென்ஸ் சோம்பேறித்தனம் என்பது பாதிதான் உண்மை.

புள்ளிகளையே எடுத்துக்கொள்வோம். 1984-85-ல் ஓர் அணியின் சராசரி 110.8. இப்போதும் 114-ஐ ஒட்டித்தான். நடுவில் 1998-99-ல் அது 91.6-க்கு இறங்கியது. 1998 இறுதிச் சுற்றின் 3-வது ஆட்டத்தில் சிகாகோ புல்ஸ் 96 எடுக்க, யூட்டா ஜாஸ் மொத்தமே 54 புள்ளிதான்! 90களின் ஆட்டத்தைக் கொண்டாடும் தொகுப்பு வீடியோக்களில் இந்த ஆட்டம் எங்கும் வருவதில்லை.

முரட்டுத்தனத்துக்கும் விலை இருந்தது. 1977 டிசம்பரில் கெர்மிட் வாஷிங்டன் விட்ட ஒரு குத்தில் ரூடி டாம்யானோவிச்சின் முக எலும்புகள் நொறுங்கின. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். 1984 இறுதிச் சுற்றில் பாஸ்டனின் கெவின் மெக்ஹேல், பறந்து வந்த கர்ட் ராம்பிஸைக் கழுத்தில் கை போட்டுத் தரையில் சாய்த்தார். அவரை வெளியேற்றக்கூட இல்லை. அதே தொடரில், ஏ.சி. இல்லாத பாஸ்டன் கார்டன் அரங்கில் வெப்பம் 97 டிகிரி ஃபாரன்ஹீட். கரீம் ஆக்சிஜன் முகமூடியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்று அதைச் சிரித்துக்கொண்டே நினைவுகூர்கிறார்கள்.

பார்த்ததே பெரிய கதை

1980 மே 16. 20 வயது மேஜிக் ஜான்சனுக்கு அது முதல் சீசன். காயம்பட்ட கரீமுக்குப் பதிலாக சென்டர் இடத்தில் இறங்கி, 42 புள்ளி எடுத்து லேக்கர்ஸ் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தார். ஆனால் அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் அது நேரலையில் வரவில்லை. மாலையில் சி.பி.எஸ். சேனல் வழக்கமான தொடர்களைப் போட்டுவிட்டு, ராத்திரி 11.30-க்குப் பதிவு செய்த ஆட்டத்தைக் காட்டியது. இன்று ‘பொற்காலத்தின் தொடக்கம்’ என்று சொல்லப்படும் ஆட்டத்தை, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் துணிந்தவர்கள்தான் பார்த்தார்கள்.

அங்கிருந்து 18 ஆண்டுகள் தள்ளி வாருங்கள். 1998 ஜூன் 14, சால்ட் லேக் சிட்டி. 5.2 விநாடி மிச்சமிருக்க ஜோர்டான் போட்ட பந்தில் புல்ஸ் 87-86 என வென்றது. அமெரிக்காவில் மட்டும் சராசரியாக 3.59 கோடி பேர் பார்த்தார்கள், எல்லாரும் ஒரே சேனலில், ஒரே நேரத்தில். மறுநாள் ஆபீஸிலும் பள்ளியிலும் பேச ஒரே விஷயம்தான். 2024 இறுதிச் சுற்றின் சராசரி 1.13 கோடி. டி.வி. பார்ப்பதே குறைந்துவிட்டது என்பது சரிதான். ஆனாலும் இடைவெளி பெரியது.

உண்மையிலேயே தொலைந்துபோனது இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. இப்போதைய ஒளிபரப்பு ஒப்பந்தம் 11 ஆண்டுகளுக்கு, சுமார் 7,700 கோடி டாலர். ஆட்டங்கள் என்.பி.சி., அமேசான், இ.எஸ்.பி.என். என்று பிரிந்து கிடக்கின்றன. தன் அணியைத் தொடர்ந்து பார்க்க நினைப்பவர் ஒன்றுக்கு மேற்பட்ட சந்தா கட்ட வேண்டும். இதைப் பற்றிக் கேட்டபோது லீக் தலைவர் ஆடம் சில்வர், இது ஹைலைட்ஸ் பார்க்க ஏற்ற விளையாட்டு, அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன என்ற பொருளில் பதில் சொல்ல, ரசிகர்களுக்குச் சுருக்கென்றது. இரண்டு நிமிட வீடியோவில் கரி போட்ட பந்து இருக்கும். அதற்கு முன்னால் அரை மணி நேரம் நகத்தைக் கடித்தது அதில் எங்கே இருக்கும்?

காசு கொடுத்து அரங்குக்குப் போனால் அன்று ஸ்டார் ஆடுவாரா என்பதும் நிச்சயமில்லை. ஜோர்டான் புல்ஸ் அணியில் கடைசி மூன்று சீசன்களிலும் 82-க்கு 82 ஆடினார். ஓய்வு என்ற பெயரில் வீரர்கள் உட்காருவது அதிகமாகி, முக்கிய விருதுகளுக்குக் குறைந்தது 65 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்று 2023-24-ல் விதியே போட வேண்டி வந்தது.

அந்த அக்டோபர் இரவுக்கு வருவோம். பழைய மெட்டு முடிந்து, ஓக்லஹோமா சிட்டியும் ஹூஸ்டனும் இறங்கின. ஆட்டம் சமனாகி கூடுதல் நேரத்துக்குப் போனது. அதிலும் சமன். இரண்டாவது கூடுதல் நேரத்தில் ஓக்லஹோமா 125-124 என்று ஒரே புள்ளியில் ஜெயித்தது.