வெயில் குளவியாகும் வழி

இலங்கையின் மீரியபெத்தை, கொஸ்லந்தைப் பக்கத் தேயிலை மலைகளில் கொழுந்து பறிக்கும்போது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இரண்டு இலைகள் சில நேரம் கையில் தட்டுப்படும். மெல்லப் பிரித்தால் உள்ளே மெல்லிய இழை, கறுப்புப் பொடியாக எச்சம், நடுவே துள்ளிப் பின்வாங்கும் ஒரு பச்சைப் புழு. இதுதான் இலைச்சுருட்டுப் புழு. தன் வாயிலிருந்து வரும் பட்டிழையால் இலைகளைச் சேர்த்து வீடு கட்டி, அந்த வீட்டுச் சுவரையே தின்று வளர்கிறது.

அது தின்பது வெயிலைத்தான். இலைமேல் விழும் வெயிலில் நூற்றில் ஒரு பங்கு அளவே செடியின் உடலாக மாறுகிறது. இலையைத் தின்ற புழுவோ அதில் பெரும்பகுதியை எச்சமாகக் கழிக்கிறது. மிச்சத்திலும் நிறையவற்றை அசையவும் மூச்சுவிடவும் எரித்துவிடுகிறது. இப்படி ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஆற்றல் குறைந்துகொண்டே போவதைக் கணக்காக்கிக் காட்டியவர் அமெரிக்கரான ரேமண்ட் லிண்டெமன். 1942இல் அவருடைய கட்டுரை அச்சில் வருமுன்பே, 27 வயது நிரம்பாமல் இறந்துபோனார்.

சராசரியாகப் பத்தில் ஒரு பங்குதான் மேலே ஏறுகிறது என்பார்கள். ஒருவர் ஒரு நாளில் நிறுக்கும் 20 கிலோ கொழுந்தைப் புழுக்கள் தின்றால், தோராயமாக 2 கிலோ புழு. அவற்றைத் தின்னும் உயிர்களில் 200 கிராம். அதற்கும் மேலே 20 கிராம்.

எல்லா உயிரும் ஒரே மாதிரிச் செலவாளி அல்ல. மலைநாட்டுச் சிறுத்தை, செரித்த உணவின் ஆற்றலில் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கைத்தான் உடலாக்கும். மற்றதெல்லாம் முக்கியமாக உடம்பைச் சூடாக வைத்திருக்கவே போய்விடும். பூச்சிகள் அப்படிச் சூடு காக்க வேண்டியதில்லை. பல பூச்சிகள் நூற்றுக்கு நாற்பது வரை மிச்சம் பிடிக்கின்றன!

இந்தச் சிக்கனத்தின் உச்சம் ஒட்டுண்ணிக் குளவி. அதாவது, இன்னொரு பூச்சியின் உடலுக்குள் வளர்ந்து கடைசியில் அதைக் கொல்லும் குளவி. இலைச்சுருட்டுப் புழுவை அடக்க 1935–36இல் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற குளவியைக் கொண்டுவந்தது. அது இளம் புழுவுக்குள் முட்டையிடும். உள்ளே பொரிப்பவை புழுவை உடனே கொல்வதில்லை. அதைத் தின்னவிட்டுத் தாங்கள் வளர்கின்றன. துரத்த வேண்டாம், மெல்லவும் வேண்டாம், எல்லாம் செரித்த நிலையில் வந்து சேர்கிறது. கடைசியில் ஒரே புழுவிலிருந்து பல குளவிகள். ஏக்கர் கணக்கான மலைகளை எடையே இல்லாத இந்தப் பூச்சி காத்து நின்றதை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

பிறகு டீல்ட்ரின் வந்தது. தேயிலைக் கிளைக்குள் துளைபோடும் சிறு வண்டைக் கொல்ல 1950களின் பிற்பகுதியிலிருந்து அந்த மருந்தைத் தெளித்தார்கள். மருந்து குளவியையும் தாக்கியது. இலைச்சுருட்டுப் புழு ஒட்டிய இலைக்குள் மறைந்துகொள்ளும். குளவியோ அதைத் தேடி, மருந்து படிந்த இலைகள்மேல் நடந்தாக வேண்டும். புழுக்கள் மலைமலையாகப் பெருகின.

புழு மீள்வதற்கு இலை போதும், அது மலை முழுக்கக் கிடக்கிறது. குளவிக்கோ முதலில் புழு பெருகினால்தான் முட்டையிட இடம். அதனால் மருந்து நின்ற பிறகும் குளவி பிந்தித்தான் வரும். அதுவரை கொழுந்து புழுவுக்கு.