12 வருஷம் கழித்து சேர்ந்து ஆல்பம் தந்த பிளிங்க்-182: ரசிகர்கள் கலங்கியது ஏன்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பங்க் ராக் இசைக்குழு பிளிங்க்-182. சேட்டைப் பாடல்களுக்குப் பேர்போனது. 2015-ல் கிட்டார் கலைஞர் டாம் டிலாங் பிரிந்துபோனார்.

மறுபடி சேர்ந்தது எப்படி?

2021-ல் பாடகர் மார்க் ஹாப்பஸுக்குப் புற்றுநோய். அப்போது டாமுடன் பேச்சு தொடர, பழைய மனக்கசப்பு கரைந்தது. மார்க் குணமானார். டிரம்மர் டிராவிஸ் பார்க்கருடன் மூவரும் சேர்ந்த ‘ஒன் மோர் டைம்’ ஆல்பம் 2023 அக்டோபரில் வந்தது. 2011-க்குப் பிறகு மூவரும் சேர்ந்து தந்த முதல் முழு ஆல்பம் இது.

ரசிகர்கள் என்ன சொன்னார்கள்?

பலரைக் கலங்கவைத்தது தலைப்புப் பாடல். 2008-ல் டிராவிஸ் உயிர்தப்பிய விமான விபத்து, பிறகு மார்க்கின் நோய்... இப்படி ஏதாவது நடந்தால்தான் நாம சேரணுமா என்ற ஆதங்கமே அந்தப் பாட்டு.

‘இந்த வயசிலும் அதே விளையாட்டுத்தனமா?’ என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனாலும் ஆல்பம் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம் பிடித்தது.

இவர்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, சண்டை போட்டுப் பேசாமலே இருக்கும் சொந்த நண்பன் ஒருவன் ஞாபகத்துக்கு வந்திருந்தால் ஆச்சரியமில்லை.