25 ஷில்லிங் உடை



உடையைப் பற்றி வானொலியில் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். போர்களும் ஒப்பந்தங்களுமே வரலாறு என்று படித்துப் பழகிவிட்டோம். ஆனால் பல ஆண்டுகள் பெண்களுக்குத் தையற்கலை கற்பித்தவள் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: ஒரு சட்டையின் தையலைப் பிரித்துப் பார்த்தால், அதை அணிந்தவளின் வருவாயும், அவள் வாழ்ந்த காலமும், அவளுக்கிருந்த உரிமையும் அதனுள்ளே தெரியும். அத்தகைய ஓர் உடையை இன்று உங்களுடன் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

1964-ஆம் ஆண்டில் 'டெய்லி மிரர்' என்னும் லண்டன் நாளேடு, அஞ்சல் வழியாகப் பெறக்கூடிய ஓர் உடையின் படத்தை வெளியிட்டது. இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பருத்தித் துணி; கையில்லாத நேரான கவுன்; முதுகுப்புறத்தில் வட்டமாக வெட்டிய ஒரு திறப்பு; தலையில் கட்டிக்கொள்ள அதே துணியில் முக்கோணக் கைக்குட்டை. விலை 25 ஷில்லிங், அதாவது ஒன்றேகால் பவுன். இதை வரைந்தவர் வார்ஸாவில் பிறந்த பார்பரா ஹுலானிக்கி என்னும் ஓவியர். அவரும் அவர் கணவர் ஸ்டீபன் ஃபிட்ஸ்-சைமனும் நடத்திய சிறு அஞ்சல் வணிகத்துக்கு 'பீபா' என்று பெயர். அது ஹுலானிக்கியின் தங்கையை வீட்டில் அழைக்கும் செல்லப்பெயர். அந்த ஒரே உடைக்குச் சுமார் 17,000 பேர் பணம் அனுப்பினார்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: 21,250 பவுன்!

ஏன் இத்தனை பேர் விரும்பினார்கள்? இதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். இரண்டாம் உலகப்போரின்போதும் அதற்குப் பின்னும், 1941 முதல் 1949 வரை, பிரிட்டனில் துணிக்குப் பங்கீடு இருந்தது. 1947-இல் பாரிஸ் நகரத்துக் கிறிஸ்டியன் தியோர் இறுகிய இடையும் விரிந்த பாவாடையும் கொண்ட புதுவகை உடையை அறிமுகப்படுத்தினார். அது அழகானது, ஆனால் துணியை ஏராளமாக விழுங்குவது, செல்வச் சீமாட்டிகளுக்கு உரியது. இளம்பெண்களுக்கென்று தனியாக எதுவும் இல்லை. பள்ளிச் சீருடையைக் கழற்றிய பெண், மறுநாளே தன் தாயைப்போல் உடுத்தவேண்டியதுதான்.

இந்த நிலையை முதலில் அசைத்தவர்களுள் ஒருவர் மேரி குவான்ட். 1955-இல் லண்டன் செல்ஸிப் பகுதியில், கிங்ஸ் ரோடில், 'பஸார்' என்னும் சிறு கடையை அவர் தம் நண்பர்களுடன் திறந்தார். 'பூட்டிக்' என்பது கடையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். அக்காலத்து லண்டனில் அது ஒரு புதிய வகைக் கடைக்குப் பெயராயிற்று. பெரிய அங்காடிகளில் சரக்கு பல மாதங்களுக்கு முன்பே தீர்மானிக்கப்படும். பூட்டிக்கிலோ, உடையை வரைபவரே கடைக்காரர். சிறிது தைத்து, விற்று, அந்தப் பணத்தில் மீண்டும் துணி வாங்கித் தைப்பார். வாங்க வருபவர்களின் முகத்தைப் பார்த்தே அடுத்த உடையை வரையலாம். ஆயினும் 'பஸார்' கடையின் உடைகள் தட்டெழுத்துப் பெண் எளிதில் வாங்கக்கூடிய விலையில் இல்லை. அந்தக் குறையை நிரப்பியதுதான் பீபாவின் 25 ஷில்லிங் உடை.

இனி, அந்த விலை எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைக் காண்போம். முதலாவது, துணி. இதில் கட்டங்கள் அச்சிடப்படுவதில்லை. நம் ஊர்க் கட்டம் போட்ட லுங்கியைப் போலவே சாயமிட்ட நூலால் நெய்யப்படுகின்றன. வண்ணப் பாவும் வண்ண ஊடையும் சேருமிடத்தில் நிறம் அழுத்தமாகவும், வண்ணமும் வெள்ளையும் சேருமிடத்தில் பாதியாகவும், வெள்ளையும் வெள்ளையும் சேருமிடத்தில் வெண்மையாகவும் தோன்றும். இரு நிற நூல்களே மூன்று நிறங்களாகத் தெரியும் சிக்கனம் அது. 1959-இல் நடிகை பிரிஜித் பார்தோ தம் திருமணத்துக்கே இளஞ்சிவப்புக் கட்டத் துணியில் உடுத்தியதால், எளிய அத்துணிக்குப் புதிய மதிப்பும் ஏற்பட்டிருந்தது.

இரண்டாவது, வெட்டு. சென்ற ஆண்டு என் மாணவியரும் நானும் அந்த அமைப்பைப் பழைய செய்தித்தாளில் வெட்டிப் பார்த்தோம். முன்புறம், பின்புறம், கழுத்துக்கும் அக்குளுக்கும் உட்பட்டைகள்: இவ்வளவே! கையும் இல்லை, காலரும் இல்லை, இடுப்பில் மடிப்பும் இல்லை. தோளிலிருந்து நேராகத் தொங்குவதால் இடையளவு சற்று முன்பின் இருந்தாலும் குற்றமில்லை. போட்டுப் பார்க்காமலே அஞ்சலில் வாங்கத் துணிந்ததன் இரகசியம் இதுதான். "அம்மா, இதை நாங்களே ஒரே நாளில் தைத்துவிடலாமே!" என்று ஒரு மாணவி வியந்தாள். அவளே மாலைக்குள் தைத்தும் காட்டினாள்.

1964-இலேயே கென்சிங்டன் பகுதியில், பழைய மருந்துக்கடை ஒன்று இருந்த இடத்தில், முதல் பீபா கடை திறக்கப்பட்டது. பின்னர் பெரிய இடங்களுக்கு மாறி, 1973-இல் ஏழடுக்கு மாளிகை ஒன்றில் குடியேறியது. சிறுமைதான் பூட்டிக்கின் வலிமை. அதை இழந்த பீபா, பெரும்பங்கு பிறர் கைக்குப் போன நிலையில், 1975-இல் மூடப்பட்டது. இன்னொரு குறையையும் மறைக்கலாகாது. குறுகிய தோளும் உயர்ந்த அக்குள் வெட்டும் கொண்ட பீபா உடைகள் மெலிந்த உடலுக்கே பொருந்தின. தாயின் உடையிலிருந்து விடுதலை பெற்ற பெண், கண்ணாடி முன்னால் வேறொரு கட்டுப்பாட்டுக்கு உள்ளானாள்.

இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. விலை குறைந்தால் வாங்குபவளுக்கு நன்மை, தைப்பவளுக்கு? அன்று எளிய வெட்டினால் விலை குறைந்தது. இன்று, வாரந்தோறும் புது உடை என்னும் பூட்டிக் வழக்கம் உலகளாவிய பெருந்தொழிலாகிவிட்டது. வெட்டில் குறைக்க முடியாததைக் கூலியிலும் பாதுகாப்பிலும் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். 2013-ஆம் ஆண்டு ஏப்ரலில், வங்கதேசத்தின் டாக்கா அருகே, ஆடைத் தொழிற்கூடங்கள் இருந்த ராணா பிளாஸா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தும், தொழிலாளர்கள் உள்ளே அழைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போன்ற இளம்பெண்கள்.

தன் சம்பாத்தியத்தில், தனக்குப் பிடித்ததைத் தானே வாங்கும் உரிமையை அந்த இளஞ்சிவப்பு உடை ஒரு தலைமுறைப் பெண்களுக்குக் காட்டிற்று. அது சிறிய பேறு அன்று. அடுத்தமுறை கடையில் ஒரு சட்டையைக் கையில் எடுக்கும்போது, விலைச்சீட்டைப் பார்க்குமுன் அதன் உட்புறத்தைத் திருப்பி ஒரு தையலைக் கவனியுங்கள். அதைத் தைத்த பெண்ணுக்கும் தன் விருப்பப்படி ஓர் உடை வாங்கக் கூலி கிடைத்திருக்குமா என்று கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்கப் பழகியவர்களையே நான் நன்றாக உடுத்தத் தெரிந்தவர்கள் என்பேன்.